எக்ஸ்ரேக்கு முன்னால் ஒரு மஞ்சள் கயிறு

கனடாவில் இருக்கும் மகன், எங்கள் இருவரையும் தன்னோடு குடிவைத்துக்கொள்ள ஸ்பான்சர் செய்திருந்தான். அதற்கான உடல் பரிசோதனைக்கு நல்லேப்பிள்ளியிலிருந்து கோயமுத்தூர் போனோம். பஸ்ஸில் எனக்கு ஜன்னல் சீட்டு கிடைத்தது. அதைச் சொல்லாவிட்டால் எனக்கு மனசு ஆறாது.

எக்ஸ்ரே எடுக்கும் பெண், "தாலிக்கொடியக் கழட்டுங்கம்மா, படத்துல மறைக்கும்" என்றாள்.

"எங்கூட்டுக்காரரு வெளிய உக்காந்திருக்கறப்ப நான் வெறுங்கழுத்தோட நிக்கமாட்டேன் கண்ணு."

"அப்புறம் கனடா போக முடியாதுங்கம்மா."

"போகாட்டிப் போகுது."

சொல்லிவிட்டேனே தவிர, அங்கே இன்னும் தூக்கிக் கொஞ்சாத பேத்தி இருக்கிறாளே. வெறும் நூல் கயிறு படத்தில் மறைக்காதாம், அந்தப் பெண்ணிடமே கேட்டுக்கொண்டேன். உடனே அவரை எதிர்க்கடைக்கு அனுப்பி மஞ்சள் கயிறு வாங்கிவரச் செய்து, அங்கேயே கட்டச் சொன்னேன்.

மூன்று முடிச்சும் போட்டவர், "மறுபடியும் மாட்டிக்கிட்டனா?" என்றார்.

"அன்னிக்கு என்னய ஆரும் கேக்கலீங்க. இன்னிக்கு நானே சொல்லிக் கட்டிக்கறனுங்க" என்றேன்.

அதற்குப் பிறகுதான் தங்கக்கொடியைக் கழற்றி அவர் கையில் கொடுத்தேன்.

அந்தப் பெண் மூச்சைப் பிடிக்கச் சொன்னாள். பிடித்த மூச்சு சிரிப்பாக வெளியே வந்துவிட்டதால், படத்தை மறுபடியும் எடுக்கவேண்டியதாயிற்று.