கம்பளி போர்த்திய கம்ப்யூட்டர்

என் மருமகள் ரஞ்சிதத்தைப் பற்றிக் கேட்டால் எல்லாரும் அவள் படிப்பைச் சொல்வார்கள். நான் அவள் பொறுமையைத்தான் சொல்வேன். வீட்டிலும் என் முகம், ஆபீசிலும் என் முகம் என்று காலம் தள்ளியவள் வேறு யார்?

ரிங்லெட் ஊருக்கு மேலே, மலையில் எங்கள் தேயிலைத் தோட்டம். தொழிலாளர் வரிசை வீடான லயத்தில் பிறந்து, முதுகில் கொழுந்துக் கூடை ஏறாமலேயே ஐந்தாம் படிவம் வரை பள்ளிக்கூடத்தை முடித்தவள் அவள். எண்பத்தேழில் தோட்டத்து மேனேஜர் துரை அவளை ஆபீசுக்கு எடுத்தார். கோலாலம்பூர் பெரிய ஆபீசில் உழைத்துத் தேய்ந்த கம்ப்யூட்டர் ஒன்று லோரியில் வந்து இறங்கியிருந்தது. யாருக்குக் கொழுந்து, யாருக்கு உரம் என்று அன்றன்றைய வேலையை அதில் அச்சடித்துக் கொடுக்க வேண்டும். அது அவள் வேலை. அதே ஆபீசைக் கூட்டி, டீ கலக்குவது என் வேலை.

அந்தப் பொட்டியோ காலையில் லேசில் எழுந்திருக்காது. சுவிட்சைப் போட்டால் முனகும். ஏதோ எழுத்து ஓடும். அப்புறம் அப்படியே நின்றுவிடும். வெளியே பெரட்டுக்கு வந்தவர்கள், பேர் கூப்பிட்டு வேலை பிரிப்பதற்காகப் பனியில் கைகட்டி நிற்பார்கள். கங்காணி மாடசாமி ஜன்னலில் தலையை நீட்டுவார்.

"என்ன வடிவு, ஒன் மருமக பொட்டி இன்னும் பல்லு வெளக்கலையா?"

"நீங்க வெளக்கிட்டீங்களாண்ணே? வாட இங்க வரைக்கும் அடிக்குதுலா!"

வாயால் சமாளித்தேனே தவிர, பொட்டி சமாளிக்கவில்லை. ஒரு வெள்ளிக்கிழமை துரை சொல்லிவிட்டார். அவர் ஈப்போக்காரர், தமிழ் நன்றாகவே வரும்.

"திங்கக்கெழம பெரட்டு மணி அடிக்கிறதுக்குள்ள தாள் கைக்கு வரணும். இல்லாட்டி இத திருப்பி அனுப்பிடுவேன். ரஞ்சிதம் ஃபேக்டரியில தூள் சலிக்கப் போகட்டும்."

அன்றைக்கு அவள் சாப்பிடவில்லை. நான் யோசித்தேன். எனக்குத் தெரிந்த நோய் ஒன்றே ஒன்றுதான், குளிர். அடுப்பு பற்றவில்லையா, லோரி கிளம்பவில்லையா, என் முழங்கால் மடங்கவில்லையா, எல்லாவற்றுக்கும் குளிர்தான் காரணம். அதனால் மறுநாள் விடியும் முன்பே போய்ப் பொட்டிக்கு என் கம்பளியைப் போர்த்தி, மேசைக்கு அடியில் சாம்பிராணிச் சட்டியை வைத்தேன். கதவைத் திறந்த ரஞ்சிதம், உள்ளே நின்ற புகையைப் பார்த்து ஆபீஸ் எரிகிறது என்றே கத்திவிட்டாள்.

"அத்தை! அது மூச்சு விடற ஓட்டயெல்லாம் அடச்சி வெச்சிருக்கீங்களே!"

"நீ மூடாமக் கெடந்தா ஒனக்கு வெறைக்காதா?"

அவள் ஈப்போவில் கம்ப்யூட்டர் விற்கும் கடைக்கு போன் போட்டாள். வெகுநேரம் பேசிவிட்டு முகம் தெளிந்து வந்தாள்.

"அத்தை, இதுவும் எந்திரிச்சதும் பெரட்டு எடுக்குது. கோலாலம்பூர்ல கூட இருந்த பெரிய பிரிண்டரு, இன்னொரு கம்ப்யூட்டரு, அதயெல்லாம் ஒவ்வொண்ணா பேர் சொல்லிக் கூப்பிட்டு, பதில் வரும்னு காத்து நிக்குது."

"அதெல்லாம் இங்க இல்லயே."

"இல்ல. அதான் இவ்ளோ நேரம். அந்தப் பேரயெல்லாம் எடுத்துட்டா போதும்."

தோட்டத்தில் பெரட்டுப் பேரை வெட்டினால் என்ன அர்த்தம்? அந்த ஆளுக்கு வேலை போச்சு, லயத்து வீடும் போச்சு. துடைப்பத்தைக் குறுக்கே பிடித்துப் பொட்டிக்கு முன்னால் நின்றுவிட்டேன்.

"அடுத்தவன் பேர வெட்ட நீ யாருடி?"

"ஆளு இல்ல அத்தை, மெஷினு!"

"கூப்பிட்டா பதில் சொல்றது எதுவா இருந்தா என்ன? பாவம் சேக்காத!"

அவள் கண் கலங்கியது. "அந்தப் பேருங்க போகலன்னா என் பேரு போயிரும் அத்தை."

தோற்றேன் என்று சொல்லும் பழக்கம் எனக்குக் கிடையாது. கோப்பை கழுவக் கிடக்கிறது என்று முனகிக்கொண்டு துடைப்பத்தோடு நகர்ந்தேன். அவள் எதையோ தட்டினாள், அணைத்தாள், போட்டாள், சிரித்தாள்.

என் பிடிவாதம் மட்டும் போகவில்லை. திங்கட்கிழமை அவளுக்கு முன்னால் போய், பொட்டிக்குக் கொஞ்சநேரம் கம்பளி போர்த்தி எடுத்தேன். துரை வந்தார். ரஞ்சிதம் சுவிட்சைப் போட்டாள். நான் அவர் டீயில் சீனி கலக்கி முடிப்பதற்குள் பிரிண்டர் கரகரவென்று தாளைத் துப்பியது. மாடசாமி அண்ணன் என் கையிலிருந்த கம்பளியைப் பார்த்துவிட்டார்.

"துரை, வடிவுதான் கம்பளி போர்த்தி எழுப்பிருச்சு!"

வெளியே கைதட்டினார்கள். நானும் வெட்கமில்லாமல் நெஞ்சை நிமிர்த்தி நின்றேன். துரை சிரித்தார்.

"அப்ப போர்த்த வடிவு போதும். சுவிட்ச் போட கணக்கெழுதுற கிராணி இருக்காரு. ரஞ்சிதம் எதுக்கு?"

விளையாட்டுக்குச் சொன்னாரோ என்னவோ, அவள் முகம் செத்துப்போனது. லயத்தில் யாரிடமும் எதையும் விட்டுக்கொடுக்காத நான், அத்தனை பேர் முன்னால் வாயைத் திறந்தேன்.

"கம்பளியால ஒண்ணுமில்ல தொர. போத்துனா அதுக்கு மூச்சு முட்டுமாம். அது ஏன் நின்னுச்சுன்னு கண்டுபிடிச்சு இந்தப் புள்ளதான் சரி பண்ணுச்சு."

"அப்படியா ரஞ்சிதம்?"

அவள் தலையை ஆட்டினாள். துரை தாளை எடுத்துக்கொண்டார். "சரி. இனிமே இந்தக் கம்ப்யூட்டர் ரூமு ஒன் பொறுப்பு. நீ சொல்லாம யாரும் உள்ள போகக் கூடாது."

மணி அடித்தது. எல்லாரும் கலைந்தார்கள். நான் துடைப்பத்தோடு வாசலில் நின்று உள்ளே பார்த்தேன்.

"வரலாமாம்மா?" என்றேன்.

"கால தொடச்சிட்டு வாங்க அத்தை," என்றாள்.