காந்திமதியின் பாதிப் பாத்தி

ஒரகடம் மெயின் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி, ஒரு கம்பெனியின் மதிலை ஒட்டினாற்போல் காந்திமதிக்கு இருபது சென்ட் நிலம். அதில் அஞ்சு பாத்தி சிறுகீரை. வெள்ளிக்கிழமை தவறாமல் அறுபது கட்டு, கம்பெனிப் பெண்கள் தங்கும் விடுதியின் மெஸ்ஸுக்குப் போயாக வேண்டும். மெஸ்ஸைப் பார்த்துக்கொள்ளும் ஜாஸ்மின் தங்கமான பெண்தான், ஆனால் கறார். "ஒரு வெள்ளி வரலன்னாலும் கோயம்பேட்டு வண்டியப் புடிச்சுக்குவேன்க்கா" என்று முதல் நாளே சொல்லிவிட்டாள்.

வானமோ இந்த வருஷம் யார் பேச்சையும் கேட்பதில்லை. வைகாசியில் ஐப்பசி போலக் கொட்டுகிறது, மறுநாளே மண்டையைப் பிளக்கிறது. காந்திமதி அதற்கென்று ஒரு வழி வைத்திருந்தாள். வாரம் ஒரு பாத்திதான் விதைப்பாள். அதிலும் பாதியை இன்று, மீதியை மூன்று நாள் கழித்து.

"ஒரு மழ அடிச்சா பாதிதான் போவணும்" என்பாள்.

மதிலுக்கு அந்தப் பக்கம் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிற அவள் புருஷன் மாரிக்கு இது ஒரே வேடிக்கை. "இன்னா நீ, கீரைக்கும் ஷிஃப்ட் போட்டுகினு கீற?" என்று சீண்டுவான்.

ஒரு வெள்ளிக்கிழமை மெஸ்ஸில் கட்டுகளை இறக்கிய கையோடு குன்றத்தூர் மலைக்கு முருகனைக் கும்பிடப் போனாள் காந்திமதி. மாரிக்கு அன்று வீக் ஆஃப். போனைப் பார்த்தான். பத்து நாளைக்கு மழையே கிடையாது என்றது. பொண்டாட்டிக்கு ஒத்தாசை செய்வோமே என்று ஆசையாக, அவள் சேர்த்து வைத்திருந்த விதை மொத்தத்தையும் மணலில் கலந்து, காலியாகக் கிடந்த இரண்டு பாத்தியிலும் தூவிவிட்டான். ஆசைக்கு ஒன்றும் குறைச்சலில்லை, புத்திக்குத்தான்!

திரும்பி வந்தவள் டப்பாவைக் கவிழ்த்துப் பார்த்தாள்.

"அடப்பாவி மனுஷா! ஒரு புடி வெக்கலையாய்யா?"

"போன்ல மழ இல்லன்னு போட்டிருந்துச்சு காந்தி…"

அவன் சொல்லி வாய் மூடவில்லை, பிடித்துக்கொண்டது மழை. ஒரு மணி நேரத்தில் விதையும் மணலும் பாத்தியை விட்டுக் கிளம்பி, மதிலோரப் பள்ளத்தைப் பார்த்து ஓடின.

நின்றிருந்த மூன்று பாத்தி அடுத்த மூன்று வெள்ளிக்குக் காணும். நாலாவது வெள்ளிக்கு? ஸ்ரீபெரும்புதூரில் கடை விதை வாங்கித் தூவினாள். பத்துக்கு ரெண்டுதான் முளைத்தது. வேறு நல்ல விதை கைக்கு வருவதற்குள் அந்த ஒரு வாரம் போய்விட்டது. அந்த வயிற்றெரிச்சலுக்கு மாரிதான் அகப்பட்டான். சோறு போடும்போது திட்டு, ஷிஃப்ட் பஸ்ஸுக்குக் கிளம்பும்போது திட்டு. பாவம், அத்தனையையும் வாங்கிக்கொண்டான்.

நாலாவது வெள்ளிக்கு முந்தின நாள் மத்தியானம். கீரை இல்லை என்று ஜாஸ்மினிடம் சொல்ல போனை எடுத்தாள், மனசு வரவில்லை, வைத்தாள், மறுபடி எடுத்தாள். அப்போது மதிலுக்கு மேலே தெரியும் காவல் கூண்டிலிருந்து செக்யூரிட்டி இசக்கியப்பன் கத்தினார். திருநெல்வேலிக்காரர்.

"எக்கா! ஒங்க ஆமணக்குச் செடிக்குப் பின்னால பாத்தீயளா? பச்சப் பசேல்னு என்னமோ நிக்கி. நான் களைன்னுல்லா நெனச்சேன்!"

காந்திமதி செருப்பைக்கூட மாட்டாமல் ஓடினாள். ஆமணக்கு மறைத்திருந்த மதிலோரப் பள்ளத்தில் வண்டல் படிந்து, அதன்மேல் ஒரு ஜாண் உயரத்துக்குச் சிறுகீரை, கால் வைக்க இடமில்லாமல். அவள் விதை, அவள் நிலம். அந்த மூலைக்கு அவள் எட்டிப் பார்த்தே ஒரு மாசம் ஆகியிருந்தது. "அம்மாடி!" என்று அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. நாலு செடியை மட்டும் விதைக்கு விட்டுவிட்டு மீதியைப் பிடுங்கிக் கட்டினாள். அறுபத்திரண்டு கட்டு.

மறுநாள் காலை ஜாஸ்மின் ஒரு கட்டை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இன்னாக்கா, எப்பவும்விட இந்த வாட்டி தளதளன்னு கீது! இன்னா போட்டீங்க?"

வண்டியிலிருந்து கட்டுகளை இறக்கிக்கொண்டிருந்த மாரி, இதோ ஆரம்பிக்கப்போகிறாள் என்று தலையைக் குனிந்துகொண்டான்.

"நான் ஒண்ணும் போடல ஜாஸ்மின். இது எங்க வூட்டுக்காரரு வெதச்சது" என்றாள் காந்திமதி.

மாரி நிமிர்ந்து அவளைப் பார்த்தான். நாலு வாரமாகக் காணாமல் போயிருந்த சிரிப்பு முகத்தில் வந்துவிட்டது. வீட்டுக்குத் திரும்பும்போது வண்டியை மெதுவாக ஓட்டியபடி, "அப்போ அடுத்த பாத்தியும் நானே வெதைக்கட்டா காந்தி?" என்று கேட்டான்.

"வெத. பாதிதான்! டப்பா எங்கிட்டதான் இருக்கும்."