துவக்கை றோட்டில வை

எங்கள் பள்ளிக்கூடத்துக்குத் துவக்கு வந்தது எண்பதுகளின் நடுப்பகுதியில், நான் ஐந்தாம் வகுப்புக்குப் படிப்பித்துக்கொண்டிருந்தபோது. இலங்கையின் கிழக்குக் கரையில், கல்முனைக்குடிக்குப் பக்கத்தில், கடல் இரைச்சல் வகுப்புக்குள் கேட்கிற முஸ்லிம் பள்ளிக்கூடம். தமிழ் ஊர்களுக்கும் முஸ்லிம் ஊர்களுக்கும் இடையில் கலவரம் நடந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. ஊருக்குக் காவல் நிற்கவென்று சில ஆண்களுக்கு அரசாங்கம் துவக்குக் கொடுத்திருந்தது. அதில் ஒன்று பள்ளிக்கூட வாசலில் நிற்க வேண்டும் என்று ஊர்ப் பெரியவர்கள் கூடி முடிவெடுத்தார்கள். படிப்பிக்கிற எங்களிடம் யாரும் கேட்கவில்லை.

துவக்கோடு வந்து நின்றவர் என் வகுப்புப் பிள்ளை ஒன்றின் வாப்பா. வேளாண்மை செய்கிற மனிதர். வயல் பக்கம் போக முடியாமல் வீட்டில் கிடந்தவருக்கு இது வேலையாயிற்று. துவக்கை மண்வெட்டியைப் போலத்தான் தோளில் வைத்திருந்தார்.

"பயப்படாதீங்க டீச்சர். புள்ளையளுக்காகத்தானே" என்றார்.

சில நாட்களுக்குள் பிள்ளைகளின் விளையாட்டு மாறிவிட்டது. கிளித்தட்டு விளையாடியவர்கள் வாசல் மறித்து விளையாடினார்கள். ஒருவன் அடிமட்டத்தைத் தோளில் சாய்த்துக்கொண்டு நிற்பான். மற்றவர்கள் கையைத் தூக்கிக்கொண்டு அவனைக் கடக்க வேண்டும். ஒரு சின்னப் பெண் கொம்பாசுப் பெட்டிக்குள் தோட்டா ஒன்று வைத்திருந்தாள். காட்டுப் பன்றி விரட்டவென்று வீட்டில் வைத்திருந்த துவக்கினுடையதாம். "மணந்து பாருங்க டீச்சர்" என்று என் மூக்கருகே நீட்டினாள். அதை வாங்கி மேசைக்குள் வைத்துப் பூட்டினேன்.

எங்களோடு படிப்பித்த கணக்கு டீச்சர் பக்கத்துத் தமிழ் ஊரான பாண்டிருப்பிலிருந்து வருகிறவர். இந்துத் தமிழ்ப் பெண். கலவரத்துக்குப் பிறகும் ஒரு நாள்கூடத் தவறாமல் வந்தவர். ஒரு காலை, வாசலில் காவலுக்கு நின்றவர் அவருடைய பையைத் திறந்து காட்டச் சொன்னார். பயிற்சிக் கொப்பிகளும் சோற்றுப் பார்சலும் சீப்பும் இருந்தன. டீச்சர் பையை மூடிக்கொண்டு வகுப்புக்குப் போனார். மறுநாள் வரவில்லை.

நான் பாண்டிருப்புக்குப் போனேன். போக வேண்டாம் என்று வீட்டில் தடுத்தார்கள். குடையை எடுத்துக்கொண்டு நடந்தேன். அவர் தேத்தண்ணி தந்துவிட்டுச் சொன்னார்: "பையத் திறந்ததுக்காக இல்ல டீச்சர். அத என்ட பிள்ளைகள் பார்த்துக்கொண்டு நிண்டதுகள். இனி நான் அதுகளுக்கு முன்னால எப்படி நிக்கிற? அந்தத் துவக்கு அங்க நிக்கும் வரைக்கும் நான் வர மாட்டன்."

எங்கள் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளை அவர் 'என்ட பிள்ளைகள்' என்று சொன்னது திரும்பி வரும் வழியெல்லாம் என்னைக் குடைந்தது.

அந்தக் கிழமைக்குள்தான் துவக்கு வெடித்தது. இடைவேளை நேரம். காவலுக்கு நின்றவர் அதைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டுக் கிணற்றடிக்குத் தண்ணீர் குடிக்கப் போயிருந்தார். உருண்டு வந்த பந்து பட்டு அது விழுந்தது. சத்தம் கேட்டு நான் வெளியே ஓடி வந்தபோது கூரை ஓடு உடைந்து கொட்டிக்கொண்டிருந்தது. இரண்டாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி நெற்றியைப் பொத்திக்கொண்டு நின்றாள்; விரல்களுக்கு இடையால் இரத்தம். அழக்கூட மறந்திருந்தாள். ஓட்டுத் துண்டு வெட்டியதுதான், தையலோடு போயிற்று. ஆனால் சன்னம் பாய்ந்த வழியில் ஒரு பிள்ளை நின்றிருந்தால்? அந்த மனிதர் கிணற்றடியிலேயே குந்திவிட்டார். அவரால் எழும்ப முடியவில்லை.

பெற்றோரைக் கூட்டினார் பள்ளிக்கூட அதிபர். இதோடு துவக்கு போய்விடும் என்று நினைத்தேன். புடவைக் கடை முதலாளி எழும்பினார். "பழக்கமில்லாத ஆள்ட கையில குடுத்ததுதான் பிழை. வாத்திமாருக்குப் பழக்குவம். ஒபிசில ஒண்டு வெச்சாச் சரி. டீச்சர்மாரும் பழகலாம்" என்றார். பல தலைகள் ஆடின.

என் மகள் இப்போது அமெரிக்காவில் இருக்கிறாள். அங்கே பள்ளிக்கூடத்துக்குள் புகுந்து பிள்ளைகளைச் சுட்ட செய்தி வரும்போதெல்லாம், ஆசிரியர்களுக்குத் துப்பாக்கி கொடுத்தால் என்ன என்று யாராவது பேசுகிறார்களாம். தொலைபேசியில் அவள் சொல்லும்போது எனக்கு அந்த முதலாளியின் குரல்தான் கேட்கிறது.

அன்று நான் எழும்பினேன். ஆண்கள் நிறைந்த கூட்டத்தில் அதற்கு முன் நான் வாய் திறந்ததில்லை.

"நான் தொட மாட்டன். கணக்குப் பிழைச்சி ஒரு புள்ள எனக்கிட்ட வரக்கொள்ள, அது என்ட முகத்தப் பாக்குமா, துவக்கப் பாக்குமா? இஞ்ச துவக்கு இரிக்கெண்டு தெரிஞ்சா, அதப் பறிக்கவெண்டே ஆக்கள் வருவாங்க. அப்ப நடுவில நிக்கிறது யாரு? எங்கட புள்ளையள்."

"அப்ப வாறவன் வந்தா என்ன செய்வீங்க? தஸ்பீஹ் மணி உருட்டுவீங்களா?" என்றார் முதலாளி. சிலர் சிரித்தார்கள்.

வருகிறவனை நாங்கள் தடுத்துவிடுவோம் என்று நான் சொல்லவில்லை. இப்போதும் சொல்ல மாட்டேன். ஆனால் வெடித்த துவக்கு அந்நியனுடையது அல்ல, எங்களுடையது. அதைச் சொன்னேன். கூட்டம் முடிவில்லாமல் கலைந்தது.

மறுநாள் காலை வாசலில் உம்மாமார் பாய் விரித்து உட்கார்ந்திருந்தார்கள். பிள்ளைகள் அவர்களுடைய மடியிலும் பக்கத்திலும். முன்னால் இருந்தவள் காவல்காரரின் மனைவி. புருஷன் துவக்கோடு வருவதைக் கண்டதும் எழும்பி நின்றாள்.

"அத வீட்டுக்குள்ளயும் வைக்க உட மாட்டன், பள்ளிக்கூடத்துக்குள்ளயும் வைக்க உட மாட்டன். றோட்டில வை. சந்தியில போய் நில்லு. ஒன்ட காவல் அங்கதான் தேவ."

"எல்லாரும் பாக்காங்க, புள்ள" என்றார் அவர் மெதுவாக.

"பாக்கட்டும்."

அவர் அதிபரைப் பார்த்தார். அதிபர் என்னைப் பார்த்தார். பிறகு அந்த மனிதர் திரும்பிச் சந்திப் பக்கம் நடந்தார். அவருக்கே அது ஆறுதலாக இருந்ததென்று பின்னால் அவர் மனைவி சொன்னாள்.

வேண்டாம் என்று சொல்வதோடு முடியவில்லை. பின்மதிலை இடித்துக் கடற்கரைக்குப் போகிற சின்ன ஒழுங்கைக்கு வழி விட்டோம். மணி விடாமல் அடித்தால் ஓடாமல், கை கோத்துக்கொண்டு அந்த வழியால் எப்படிப் போவதென்று பிள்ளைகளுக்குப் பழக்கினோம். ஒழுங்கை வீடுகளில் இருந்த பெண்கள் பிள்ளைகளுக்குக் கதவைத் திறந்து வைப்பதாக ஏற்றுக்கொண்டார்கள். வயலுக்கென்று துவக்கு வைத்திருந்த வீடுகளுக்கு நானும் காவல்காரரின் மனைவியும் ஏறி இறங்கினோம். "துவக்க ஒரு இடத்திலயும் தோட்டாவ வேறிடத்திலயும் பூட்டி வைங்க, பூட்டுத் தொறப்ப இடுப்பில கட்டுங்க" என்று சொன்னோம். சில வீடுகளில் ஏச்சும் வாங்கினோம். ஏசியவர்களிடம் மறு கிழமையும் போனோம்.

கணக்கு டீச்சரை நான்தான் கூட்டி வந்தேன். வாசலில் முறை வைத்துக் காவல் நின்ற உம்மாமார் எழும்பி வழி விட்டார்கள். "வாங்க டீச்சர். பையப் பாக்க மாட்டம். சோத்துப் பார்சல மட்டும் பாப்பம், கறி என்னெண்டு" என்றாள் ஒருத்தி. டீச்சர் சிரித்தார், கண் கலங்கியிருந்தது. அடுத்த கலவரம் வந்து றோட்டு மூடப்படும் வரைக்கும் அவர் எங்களோடு படிப்பித்தார்.

ஊரில் துவக்குச் சூடு நிற்கவில்லை. வயலில் செத்தார்கள், றோட்டில் செத்தார்கள். நான் இருந்தவரைக்கும் எங்கள் மதிலுக்குள் ஒரு பிள்ளையும் சூடு பட்டுச் சாகவில்லை. அது எங்களால்தான் என்று சொல்ல மாட்டேன். அல்லாஹ் அறிவான்.

பிறகொரு நாள் ராணுவ ஜீப்பில் ஒரு அதிகாரி வந்தார். பள்ளிக்கூடத்துக்குள் காவல் அரண் போட வேண்டும், உங்களுடைய பாதுகாப்புக்குத்தான் என்றார். அதிபர் தயங்கினார்.

"எங்கட பாதுகாப்ப நாங்க பாத்துக்கொண்டுதான் இரிக்கம் சேர்" என்றேன். "நீங்க றோட்டப் பாருங்க."

அவருடைய முகம் சிவந்தது. ஜீப் திரும்பிப் போகும் வரைக்கும் நான் வாசலை விட்டு அசையவில்லை. பிறகு உள்ளே போய், பாதியில் விட்ட பின்னக் கணக்கைத் தொடர்ந்தேன்.