அண்ணனை விழ விடாத அம்மா

எங்கள் அம்மாவை வழியனுப்பி ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் எடுத்திருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் மகளாகிய என் வணக்கம்.

அம்மா பொட்டிப்புரத்துச் சேரியில் பிறந்தவர், வாழ்க்கைப்பட்டது மார்க்கையன்கோட்டையில். ஊர்க்காரர் வயலில் நாற்று நடவும் களையெடுக்கவும் போவார். அண்ணனும் நானும் பிறந்த பிறகு அவருக்கு ஒரே கவலைதான்: எங்களைக் குனிந்து நடக்கச் சொல்லி வளர்ப்பதா, நிமிர்ந்து நடக்கச் சொல்லி வளர்ப்பதா? நிமிர்ந்தால் அடி விழும். குனிந்தே பழகினால் பிறகு நிமிரத் தெரியாது. இதை எங்களிடமே வாய்விட்டுச் சொல்லியிருக்கிறார்.

அப்பாவுக்கு அந்தக் குழப்பம் இல்லை. கதர்ச் சட்டை போட்டு, ஊர்வலங்களில் கொடி பிடித்தார். சுதந்திரம் வந்தால் தெருவும் கிணறும் எல்லாருக்கும் பொதுவாகிவிடும் என்று நம்பினார். அவரைச் சுதந்திரப் போராட்டத்தில் சேர்த்துவிட்டவர் ஊரின் பெரிய நிலக்காரர் ஒருவர்.

அண்ணன் நான்காம் வகுப்பில் இருந்தபோது, தாகம் தாங்காமல் பள்ளிக்கூடப் பானையில் தானே மொண்டு குடித்துவிட்டார். யாராவது ஊற்றினால் நாங்கள் கையேந்திக் குடிப்பதுதான் அங்கே வழக்கம். தீட்டுப்பட்டுவிட்டது என்று ஊர்க்காரர்கள் பானையை உடைத்தார்கள். மறுநாள் சாவடி முன்னால் பையன் நெடுஞ்சாண்கிடையாக விழ வேண்டும் என்று சொல்லியனுப்பினார்கள்.

அப்பா நம்பிக்கையோடு அந்த நிலக்காரரிடம் போனார். "இப்பச் சுதந்திரந்தாம்ப்பா முக்கியம். இதெல்லாம் அப்புறம் பாத்துக்கிருவோம். பயலை விழச் சொல்லி முடிச்சுவிடு" என்றாராம் அவர்.

வீட்டுக்கு வந்த அப்பா கதர்ச் சட்டையைக் கழற்றிச் சுருட்டி மூலையில் வைத்தார். "அவுகளே சொல்லிட்டாக. விழுந்தா விட்டுருவாக" என்றார்.

"எம் மயன் தண்ணிதான் குடிச்சான், களவாங்கல. அவன் விழமாட்டான்" என்றார் அம்மா.

"விழலைனா இங்கன இருக்க முடியாது."

"அப்ப இருக்க வேணாம்."

வெயில் தாழும் முன்பே பாயும் சட்டிபானையுமாகச் சின்னமனூர்ச் சாலையில் நடந்தோம். ஏலக்காய் மூட்டையோடு வந்த வியாபாரி ராவுத்தர் ஒருவர் எங்களைத் தம் மாட்டுவண்டியில் ஏற்றிக்கொண்டார். கொஞ்ச தூரம் போவதற்குள் ஊர் ஆட்கள் தடியோடு வந்து வண்டியை மறித்தார்கள்.

ராவுத்தர் இறங்கவில்லை. "என் வண்டியில ஏறுனவுக என் விருந்தாளுக. இறக்கச் சொல்ல நீங்க யாரு?" என்றார். அவரிடம்தான் அவர்கள் வருடாவருடம் விளைச்சலை விற்க வேண்டும். முணுமுணுத்துக்கொண்டே திரும்பிப் போனார்கள். அம்மா என் கையை விட்டபோது, அவருடைய விரல் தடம் அதில் சிவந்து கிடந்தது.

தேனிப் பக்கம் ஒரு மிஷன் பள்ளியில் எங்களைச் சேர்த்துக்கொண்டார்கள். அப்பாவுக்கும் அம்மாவுக்கும் பருத்தி ஆலையில் வேலை கிடைத்தது. பள்ளியில் முதல் நாள் எல்லாப் பிள்ளைகளையும் ஒரே பாயில் உட்கார வைத்தார்கள். சன்னலுக்கு வெளியே நின்று பார்த்த அம்மா, "அப்பாடா" என்று சொல்லிவிட்டு, அங்கேயே தரையில் உட்கார்ந்து சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து நான் அதுவரை பார்த்ததில்லை.

அண்ணன் ஆசிரியரானார், நான் நர்ஸ் ஆனேன். சுதந்திரம் வந்தது. கொடியேற்றத்துக்கு அப்பா போகவில்லை. "அவுக சொன்ன 'அப்புறம்' இன்னும் வரலயே" என்றார். "அது வாரப்ப வரட்டும். நம்ம பிள்ளைக தப்பிச்சிருச்சுக" என்று அம்மா தேற்றினார்.

கடைசி நாட்களில் அம்மாவுக்கு வலி ஏதும் இல்லை, அசதி மட்டும்தான். அந்த நாட்களில் உடனிருந்த பக்கத்து வீட்டு அக்காவுக்கும், எங்களைப் படிக்க வைத்த ஆசிரியைகளுக்கும், ராவுத்தர் குடும்பத்தாருக்கும் நாங்கள் என்றென்றும் கடமைப்பட்டவர்கள்.

ஒரு மாலை அண்ணன் மகள் வாசலில் கத்தி விளையாடிக்கொண்டிருந்தாள். பாட்டி தூங்கட்டும் என்று நான் அவளை அதட்டப் போனேன். "கத்தட்டும் விடு ஆத்தா. யாரும் வந்து ஏன்னு கேக்கப் போறதில்ல" என்றார் அம்மா. அந்தச் சத்தத்திலேயே நிம்மதியாகக் கண்ணயர்ந்தார்.

ஆகவே, இன்று இங்கே வந்திருக்கும் குழந்தைகள் ஓடிப் பிடித்துச் சத்தம் போட்டால், தயவுசெய்து யாரும் அடக்க வேண்டாம்.