ரொட்டி சைக்கிளின் வேகம்

என் அப்பா சைக்கிளில் ரொட்டி போடுகிறவர். கடிகாரம் கட்டமாட்டார். அவர் மணி அடித்தால் ஐந்தே முக்கால் என்று லாஸ்பேட்டையில் இரண்டு தெருவுக்குத் தெரியும். ஒரே மிதி. மேட்டுக்கும் அதே மிதி, மழைக்கும் அதே மிதி.

அப்பாவின் தங்கை, என் அத்தை, தினமும் அந்தச் சைக்கிளுக்குப் பின்னால் ஓடிப் பழகினாள். ஊரில் பத்து கிலோமீட்டர் ஓட்டம் வைத்தார்கள். ஒரு மணி நேரத்துக்குள் முடித்தால் சான்றிதழ். அதைக் கொண்டுவந்தால் விளையாட்டுக்காரர்களுக்கான இடத்தில் சேர்க்கலாம் என்று காலேஜில் சொல்லியிருந்தார்கள். அத்தைக்கு மார்க் குறைவு. இடம் கிடைக்காவிட்டால் கல்யாணம் என்று வீட்டில் முடிவு. மாப்பிள்ளை கடலூரில் தயாராக இருந்தார்.

ஓடுகிறவர்களுக்கு முன்னால் ஒரே சீராகப் போய் வேகம் காட்ட ஆள் வேண்டும், சம்பளம் கிடையாது என்றார்கள். அப்பா பெயர் கொடுத்தார். அவர் பின்னாலேயே வருகிறவர்கள் ஒரு மணி நேரம் ஆவதற்குச் சற்று முன்னால் போய்ச் சேர வேண்டும். அதுதான் வேலை.

ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை. ரொட்டிப் பெட்டியைக் கழற்றிவிட்டு, கேரியரில் என்னைப் பின்பக்கம் பார்க்க உட்காரவைத்தார். நான் மூன்றாவது படித்தேன். கையில் மஞ்சள் கொடி.

"நேரா புடி. தூங்கிடாத," என்றார்.

தூங்கவில்லை. ஆனாலும் கனவு மாதிரித்தான் இருந்தது. சாலை எனக்குக் கீழிருந்து நூலாக உருவிக்கொண்டு போனது. முப்பது நாற்பது பேரின் காலடி, மழை வருகிற சத்தம். கேரியரில் இன்னும் ரொட்டி வாசனை. கடற்கரைச் சாலைக்குத் திரும்பியபோது கடல் வெள்ளையாக இருந்தது. ஆட்கள் வெள்ளையிலிருந்து வந்து வெள்ளைக்குள் போனார்கள்.

அங்கேதான் அத்தை பின்தங்கினாள். முகம் சிறுத்துக்கொண்டே போனது. வாய் திறந்திருந்தது.

"அப்பா, மெதுவா போங்க. அத்த முடியாம வருது."

"கொடிய புடி."

அவர் திரும்பவில்லை. அந்தச் சைக்கிளின் பின் மட்கார்டு எப்போதோ கழன்றுபோனது. நான் இரண்டு செருப்பையும் டயரில் வைத்து அழுத்தினேன். காற்றுச் சத்தத்தில் வேறு சத்தம் தெரியவில்லை. அப்பாவின் முதுகு கொஞ்சம் குனிந்தது. அவ்வளவுதான்.

அத்தை வந்துவிட்டாள். கை நீட்டி என் முழங்காலைத் தொட்டாள். சிரித்தாள். நான் காலை எடுக்கவில்லை.

பக்கத்தில் வந்த பையன் ஒருவன், "இன்னா ரொட்டிக்காரரே, வீடு வீடா ரொட்டி போட்டுக்கினு வரியா?" என்று கேட்டுவிட்டு முன்னால் போனான். அவன் பின்னால் எல்லோரும் போனார்கள்.

"நீயும் போயேன், அத்த."

"எங்கண்ணன் கணக்கு தப்பாது. நீ சும்மா இரு."

அத்தைக்கு அப்போது மூச்சு சீராகியிருந்தது. போயிருக்கலாம்.

முடிகிற இடத்தில் ஒருவர் கடிகாரம் பார்த்து நின்றார். ஒரு மணி நேரம் ஆகி ஒரு நிமிஷம் என்றார். அத்தை அவரைப் பார்த்தாள். பிறகு அப்பாவைப் பார்த்தாள்.

அப்பா இறங்கி, பின் டயரை விரலால் அழுத்திப் பார்த்தார். காற்று இருந்தது. டயர் சூடாக இருந்திருக்கும். என் காலைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

"எதிர்காத்து," என்றார் அத்தையிடம். "என் கணக்குதான் தப்பிடுச்சி."

அத்தை நடந்தே வீட்டுக்குப் போனாள். அதற்குப் பிறகு சைக்கிளுக்குப் பின்னால் ஓடவில்லை. ஆவணியில் கடலூர் போனாள். போகும்போது எல்லோரிடமும் சொல்லிக்கொண்டாள், அப்பாவிடம் மட்டும் சொல்லவில்லை. அத்தைக்கு ஏன் அவ்வளவு கோபம் என்று நான் யோசித்தேன். காற்று அடித்தால் அப்பா என்ன செய்வார்?

ஓட்டம் முடிந்த மறுநாள் காலையில் என் செருப்பைக் காணவில்லை. குதிகாலில் இரண்டு பள்ளம் விழுந்த செருப்பு. வாசலில் அதே இடத்தில் புதுச் செருப்பு இருந்தது.

பழையதை நாய் தூக்கிக்கொண்டு போயிருக்கும் என்று நினைத்தேன். புதுச் செருப்பைப் போட்டுக்கொண்டு அத்தையிடம்தான் முதலில் காட்டினேன்.