மூன்று டாக்டர்களின் ஒரே நோயாளி

மலாயாவில், காஜா பெராங்கில் குடியிருந்த சேதுபதி பஸ் கம்பெனியில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர். தெங்கேராவிலிருந்து புக்கிட் ரம்பாய் வரை, டிக்கெட் எடுக்காமல் உட்கார்ந்திருப்பவனை முகத்தைப் பார்த்தே பிடித்துவிடுவார் என்று பெயர். அப்படிப்பட்ட குற்றவாளி எப்போதும் ஜன்னலுக்கு வெளியே ஏதோ முக்கியமான தென்னைமரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பான் என்பது அவருடைய ஆராய்ச்சி முடிவு. இத்தகைய நேர்மையாளர், வயதான காலத்தில், மூன்று டாக்டர்களை ஒருவருக்கொருவர் தெரியாமல் வைத்துக்கொண்டிருந்தார். சரித்திரம் அவரை மன்னிக்கட்டும்.

இதில் கெட்ட எண்ணம் கிடையாது, மரியாதைதான் காரணம். ஒரு டாக்டரிடம் போய், இன்னொருவரிடமும் காட்டுகிறேன் என்று சொல்வது, ஒருவர் வீட்டு இலையில் உட்கார்ந்துகொண்டு பக்கத்து வீட்டுச் சாம்பாரைப் புகழ்வதற்குச் சமம் என்று அவர் நினைத்தார். ஆகவே உடம்பை மூன்று வட்டாரமாகப் பிரித்தார். நெஞ்சுப் படபடப்பு காஜா பெராங் டாக்டர் ஜெயபாலனுக்கு. கால் வீக்கம் தெங்கேரா டாக்டர் அப்துல் கய்யூமுக்கு. தூக்கம் வராதது, ஜாலான் துக்காங் எமாஸ் பக்கத்தில் இருந்த டாக்டர் டானுக்கு. பக்கத்துக் கோயிலில் பிள்ளையாரைக் கும்பிட்ட கையோடு அவரையும் பார்த்துவிட்டு வரலாம். ஒரு வட்டாரத்துச் சேதி அடுத்த வட்டாரத்துக்குப் போகாது. ஜெயபாலன் கோப்பியை நிறுத்தச் சொன்னார், மற்ற இருவரும் கோப்பியைப் பற்றி வாய் திறக்கவில்லை, ஆகவே குடித்தார். டான் சுருட்டை விடச் சொன்னார். மற்ற இருவரும் சொல்லாததால், இரண்டுக்கு ஒன்று என்ற பெரும்பான்மையில் சுருட்டு தொடர்ந்தது. ஜனநாயகம் அப்போதுதான் நாட்டுக்குள் வந்துகொண்டிருந்தது.

ஜெயபாலன் கொடுத்தது சிவப்பு மருந்துத் தண்ணீர். கய்யூம் கொடுத்தது வெள்ளை மாத்திரை. ஒன்று நெஞ்சுக்கு, ஒன்று காலுக்கு என்று சேதுபதி இரண்டையும் வேளை தவறாமல் உள்ளே தள்ளினார். இரண்டிலும் இருந்தது இதயத்தை நிதானப்படுத்தும் ஒரே மருந்து என்பது அவருக்குத் தெரியாது. அளவு இரட்டித்தால், நிதானப்படுத்த வந்தது நிறுத்தியே விடும் என்பதும் தெரியாது. டாக்டர்களுக்கு அது தெரியும். ஆனால் ஒருவர் கொடுப்பது மற்றவருக்குத் தெரியாது.

இப்படியிருக்க, ஐம்பத்தேழாம் வருடம் ஆகஸ்டு மாதம் பிறந்தது. சுதந்திரத்துக்கு இன்னும் சில வாரந்தான். மலாயாவில் யாரைப் பார்த்தாலும் யாரோடாவது கூட்டுச் சேர்ந்துகொண்டிருந்த காலம். அந்தக் காய்ச்சல் டாக்டர்களையும் விடவில்லை. மூவரும் தங்கள் தனி ராஜாங்கங்களைக் கலைத்துவிட்டு, காஜா பெராங்கில் ஒரே கட்டடத்தில், ஒரே பெயர்ப்பலகையின் கீழ் கூட்டுக் கிளினிக் திறந்தார்கள். வயதான நோயாளிகளை மட்டும் புதன்கிழமை காலையில் மூவரும் ஒரே அறையில் உட்கார்ந்து சேர்ந்து பார்ப்பார்கள் என்று ஊரெல்லாம் சொல்லியனுப்பினார்கள்.

கேட்டதும் சேதுபதிக்கு, ஒரே பெண்ணை மூன்று இடத்தில் பேசி முடித்துவிட்டு, மூன்று மாப்பிள்ளை வீட்டாரும் ஒரே பஸ்ஸில் ஏறிவிட்டார்கள் என்று கேள்விப்பட்ட தகப்பனின் நிலை. அந்தப் பக்கமே போவதில்லை என்று முடிவு செய்தார். கைவசம் இருக்கும் மருந்தை வைத்து ஓட்டிவிடலாம். கைவசம் நிறையவே இருந்தது. வினையும் அதுதான்.

முதலில் சாப்பாட்டைக் கண்டால் குமட்டியது. பிறகு நடந்தால் தரை ஒரு பக்கமாகச் சாய்ந்தது. அதன்பின் ஊரே மஞ்சளாகத் தெரிய ஆரம்பித்தது. சேதுபதி அதை ரசிக்கவே செய்தார். மெர்டேக்கா என்னும் சுதந்திர நாளுக்காக முனிசிபல்காரர்கள் தெருத்தெருவாகச் சாயம் அடித்திருக்கிறார்கள், வெள்ளைக்காரன் காலத்தில் நடக்குமா இது, என்று மனைவி சிவகாமசுந்தரியிடம் பெருமைப்பட்டார். அன்று மத்தியானம் தட்டில் இருந்த சோற்றையும், மஞ்சள்தூள் எதற்குப் போட்டாய் என்று கேட்டார்.

அவள் தட்டையும் அவர் முகத்தையும் மாறிமாறிப் பார்த்தாள்.

"முனிசிபல்காரன் நம்ம சோத்துக்குமா சாயம் அடிச்சான்? நாளைக்குப் புதன்கிழமை. போறோம்."

"மூணு பேரும் ஒண்ணா உக்காந்திருப்பாங்க சுந்தரி. எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டுப் போயி நிப்பேன்?"

"உசுரோட இருக்கிற மூஞ்சிய."

வேறு வழியில்லாமல் சம்மதித்தார், ஒரே நிபந்தனையோடு: மருந்துப் புட்டிகள் வீட்டிலேயே இருக்க வேண்டும். அவள் தலையாட்டினாள். காலையில் ரோத்தான் பிரம்புக் கூடையை எடுத்துக்கொண்டாள். போகிற வழியில் கீரை வாங்கவாம்.

கிளினிக் பெஞ்சில் சேதுபதி ஜன்னலுக்கு வெளியே இருந்த தென்னைமரத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். நெஞ்சுக்குள் ஒரு தட்டு விழுந்தது. அடுத்த தட்டு வரலாமா வேண்டாமா என்று யோசித்து வந்தது. உள்ளே கூப்பிட்டார்கள்.

மேசைக்குப் பின்னால் மூவரும் இருந்தார்கள். "வாங்கய்யா," என்ற ஜெயபாலன், இவர் தம்முடைய பழைய நோயாளி என்று மற்றவர்களுக்கு அறிமுகப்படுத்தினார். கய்யூம் சிரித்தார். "நம்ம சேதுபதி அண்ணனாச்சே, டாக்டர். எங்கிட்டதானே வர்றாரு." டான் கையை மட்டும் உயர்த்தி, தானும் இந்தக் குடும்பந்தான் என்று தெரிவித்தார்.

சேதுபதி தரை பிளக்கக் காத்திருந்தார். பிளக்கவில்லை. அதற்குப் பதிலாக நடந்தது மரியாதை. கய்யூம் பார்க்கும் நோயாளி என்றால் தமக்குக் கவலையே இல்லை என்றார் ஜெயபாலன். ஜெயபாலன் கைப்பட்ட உடம்பில் குறை சொல்ல என்ன இருக்கப்போகிறது என்றார் கய்யூம். மற்றவர் கொடுக்கும் மருந்தின் மேல் தமக்குள்ள பூரண நம்பிக்கையை இருவரும் மாறிமாறி எடுத்துரைத்தார்கள். அது என்ன மருந்து என்று கேட்கும் அநாகரிகம் மட்டும் அங்கே நிகழவில்லை. அதற்குள் பேச்சுக் குரல்கள் சேதுபதிக்குத் தூரத்தில் கேட்டன. உள்ளங்கை குளிர்ந்தது.

"மருந்தெல்லாம் ஒழுங்கா சாப்பிடுறீங்களா?" ஜெயபாலன் கேட்டார்.

"ஒரு வேளைகூட விட்டதில்ல, டாக்டர்."

இரு டாக்டர்களும் திருப்தியாகத் தலையசைத்தார்கள். இந்தப் பாராட்டு விழாவில் சேராமல் டான் எழுந்து வந்து அவருடைய மணிக்கட்டைப் பிடித்தார். கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பிடியை விடாமல் இன்னும் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு மலாயில், மெதுவாக, எதிர்ச் சுவர் என்ன நிறம் என்று கேட்டார்.

"மஞ்சள்," என்றார் சேதுபதி, மலாயிலேயே. "மெர்டேக்காவுக்கு அடிச்சிருக்கீங்க. நல்லா இருக்கு."

சுவருக்கு வெள்ளைச் சுண்ணாம்பு அடித்து ஒரு வாரந்தான் ஆகியிருந்தது. அறையில் வாசனைகூட இன்னும் போகவில்லை. இதய மருந்து அளவு மீறினால் கண்ணுக்குத் தெரியும் மஞ்சள் அது என்று மூன்று டாக்டர்களுக்கும் தெரியும்.

சிவகாமசுந்தரி கூடையிலிருந்து இரண்டு கட்டுக் கீரையை எடுத்துத் தரையில் வைத்தாள். கீரைக்குக் கீழே இருந்த மருந்துப் புட்டிகளை எடுத்து மேசையில் வரிசையாக வைத்தாள். சேதுபதி கண்ணை மூடிக்கொண்டார். ஜெயபாலன் வெள்ளை மாத்திரைப் புட்டியை எடுத்துப் பார்த்தார். கய்யூம் சிவப்புத் தண்ணீரில் என்ன கலந்திருக்கிறது என்று கேட்டார், ஜெயபாலன் சொன்னார். அதன்பிறகு இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவில்லை.

"ஏன்யா ஒரு வார்த்தை சொல்லல?" என்றார் ஜெயபாலன்.

"உங்களுக்கு மரியாதையா இருக்காதுன்னு நெனச்சேன், டாக்டர்."

இவ்வளவு நேரமும் ஜெயபாலன் செய்துகொண்டிருந்ததும் அதே மரியாதைதானே.

ஜெயபாலனே தம் காரில் ஆஸ்பத்திரிக்கு ஓட்டினார். பின் ஸீட்டில் டான் மணிக்கட்டை விடவேயில்லை. ஒவ்வொரு தட்டுக்கும் அடுத்ததற்கும் இடையில் அவருடைய பிடி இறுகுவது சேதுபதிக்குத் தெரிந்தது. நாட்டுக்குச் சுதந்திரம் வந்த அன்று அவர் வார்டில் படுத்திருந்தார். வெளியே வாழ்த்துக் கோஷம் கேட்டது. உள்ளே தினமும் காலையில் கண்ணைத் திறக்கப் பயந்து பயந்து திறந்து, சுவரைப் பார்த்தார். மஞ்சள், மஞ்சள், வெளிறிய மஞ்சள். பிறகொரு காலையில் வெள்ளை. நம்பாமல் சிவகாமசுந்தரியைக் கேட்டு உறுதி செய்துகொண்டார்.

வீடு திரும்பிய பிறகு வந்த புதன்கிழமை, மறுபடி அதே அறை. மூவரும் கலந்து பேசி, குறைந்த அளவில் ஒரே ஒரு புட்டி மருந்து தயாராக வைத்திருந்தார்கள். வேறு யாராவது ஏதாவது கொடுக்கிறார்களா என்று ஜெயபாலன் கேட்டார்.

சேதுபதியின் பார்வை ஜன்னல் பக்கம் போனது. தென்னைமரம் அங்கேயே நின்றது. அதைப் பார்த்துக்கொண்டிருக்கும் முகம் எப்படி இருக்கும் என்பது அவருக்கு நன்றாகத் தெரியும். சட்டென்று திரும்பி, சட்டையின் வலது பையிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்து நீட்டினார். ஆஸ்பத்திரியில் வீட்டுக்கு அனுப்பும்போது கொடுத்தது, இன்று காலையிலிருந்து சாப்பிடச் சொன்னார்கள் என்றார்.

மூன்று தலைகள் ஒன்றாகக் குனிந்தன. அதே மருந்து. ஜெயபாலன் மேசைமேல் இருந்த புட்டியைச் சத்தமில்லாமல் தம் பக்கம் இழுத்துக்கொண்டார். கய்யூம் மூச்சை விட்டார்.

"அப்படியே இடது பையிலயும் கைய விடுங்க," என்றாள் சிவகாமசுந்தரி.

சுருட்டு வெளியே வந்தது. இந்தத் தடவை வாக்கு மூன்றுக்குப் பூஜ்யமாக விழுந்தது. கோப்பியின் பேச்சு எழுவதற்குள் சேதுபதி வேட்டியைச் சரிசெய்துகொண்டு எழுந்துவிட்டார்.