பார்க்கிங்கில் ஒரு குரல் வாக்கெடுப்பு

காலையில் இதே ஃபேஸ்புக்கில்தான் கொதித்திருந்தேன். சட்டசபையில் எதிர்க்கட்சி வெளிநடப்பு செய்த கையோடு, விவாதமே இல்லாமல் இரண்டு மசோதாக்களைக் குரல் வாக்கெடுப்பில் முடித்துவிட்டார்கள் என்று. யார் ஆட்சிக்கு வந்தாலும் விதியைக் காட்டித்தான் இதைச் செய்கிறார்கள் என்றும் எழுதியிருந்தேன்.

சாயங்காலம் எங்கள் கோட்டூர்புரம் அபார்ட்மெண்டில் அசோசியேஷன் கூட்டம். நான்தான் செயலாளர். பார்க்கிங்கில் பிள்ளைகள் சைக்கிள் ஓட்டக்கூடாது என்பது என் தீர்மானம். என் இரண்டு வயதுக்காரி மேல் யாராவது மோதிவிடுவார்களோ என்று தினமும் எனக்குப் பயம்.

எதிர்த்துப் பேச இருந்தவள் முதல் மாடி ஷபானா ஒருத்திதான். அவள் மகனுக்கு ஓட்ட வேறு இடமில்லை.

நடுவில் அவளுடைய கைக்குழந்தை அழுதது. "பால் குடுத்துட்டு அஞ்சு நிமிஷத்துல வந்துடறேன்க்கா" என்று மேலே போனாள்.

அஜெண்டாவில் கடைசியில் இருந்த என் தீர்மானத்தை முன்னால் இழுத்தேன்.

"எல்லாருக்கும் ஓகேதானே?"

"ஓகே, ஓகே. சீக்கிரம் முடிம்மா, சீரியல் போயிடும்."

நிறைவேறியது. விதிப்படி ஒரு தப்பும் இல்லை.

இப்போது ஷபானாவின் மெசேஜ்: "காலைல உங்க போஸ்ட்டுக்கு முதல் ஹார்ட் நான்தான் போட்டேன். பால் குடுக்கப் போனாலும் வெளிநடப்பாக்கா?"

பதிலை எழுதி எழுதி அழித்துக்கொண்டிருக்கிறேன். நிறைவேற்றிய தீர்மானத்தை வெட்கப்பட்டுத் திரும்பப் பெற்ற ஆளுங்கட்சி ஏதாவது உண்டா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள், அதே மாதிரி செய்துவிடுகிறேன்.